ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்தவர்: தூத்துக்குடியின் குரூஸ் பர்னாந்து



அரசர்களின் நூல்களை வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒவ்வோர் அரசரின் வரலாற்றையும் சொல்லி முடிக்கும் இடத்தில், அவர் செய்தவற்றுள் மறக்கக்கூடாத ஒன்றிரண்டை விவிலிய ஆசிரியர் சுருக்கமாகக் குறிப்பிடுவார். ஆகாபு அரசனுக்கு அவன் கட்டிய தந்த மாளிகை நினைவுகூரப்படுகிறது. யூதாவை ஆண்ட எசேக்கியாவுக்கோ, அவர் குளம் வெட்டி, கால்வாய் அமைத்து, நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்தது நினைவுகூரப்படுகிறது (2 அரசர் 20:20). அசீரியப் படை வாசலில் வந்து நின்ற காலம் அது. ஆலயத்தைத் தூய்மைப்படுத்தியவர், சிலைகளைத் தகர்த்தவர், நோயில் அழுது மன்றாடியவர் என்று எசேக்கியாவைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தும், கணக்கு முடிக்கும் வரியில் தண்ணீர் வந்து நிற்கிறது. நகராட்சி வேலை என்று நாம் ஒதுக்கிவிடக்கூடிய ஒன்றை இறைவார்த்தை ஓர் அரசரின் பெருமையாக எழுதி வைத்திருக்கிறது.

இதே வரியைத் தன் வாழ்க்கைக்கு முடிவுரையாகப் பெறத் தகுந்த கத்தோலிக்கர் ஒருவர் நம் தமிழ் மண்ணிலும் வாழ்ந்தார். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். குடும்பத்தவராய், பொதுநிலையினராய் வாழ்ந்து, நகராட்சித் தலைவராய்ப் பணிபுரிந்தவர். தூத்துக்குடி மக்கள் இன்றும் தங்கள் நகரின் தந்தை என்று அழைக்கும் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்களே அவர். நம் செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் கடற்கரைப் பங்குகளிலும் ஏரிக்கரைப் பங்குகளிலும் தண்ணீர்க் கவலை தீராதிருக்கும் இந்நாளில், அவரது வாழ்வைச் சற்றே சிந்திப்பது பயனுள்ளதாக இருக்கும்.

பனிமய மாதாவின் ஊர், தண்ணீர் இல்லாத ஊர்

தூத்துக்குடி என்றதும் கத்தோலிக்கர்களாகிய நமக்குப் பனிமய அன்னையின் நினைவுதான் முதலில் வருகிறது. முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்து செபங்களைத் தமிழில் கற்றுக்கொடுத்தார். 1713-இல் பனிமய அன்னையின் ஆலயம் எழுந்தது. 1806-இல் தங்கத்தேர் முதன்முதலாக வீதிகளில் வலம் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 5-ஆம் நாள் அன்னையின் பெருவிழா.

ரோமை நகரில் கோடைகாலத்தில் ஒரு குன்றின்மேல் பனி பெய்ததாகச் சொல்லும் பழம் மரபிலிருந்து பிறந்தது இந்தப் பெயர். வெயில் காயும் மாதத்தில் வானத்திலிருந்து குளிர்ச்சியை வருவித்த தாய்! அந்தத் தாயைப் பாதுகாவலியாகக் கொண்ட தூத்துக்குடியிலோ குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பளம். மேற்கே உயர்ந்து நிற்கும் மலைகள் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் உண்டு, பொய்த்தால் இல்லை. தோண்டிய கிணறுகள் பெரும்பாலும் உவர்ப்பு. அருகிலேயே தாமிரபரணி ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. ஆனால் ஆறு ஊரைத் தொடவில்லை. தெற்கே விலகிப் போய்விடுகிறது.

ஊரோ நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது. 1866-இல் தூத்துக்குடி நகராட்சியானது. 1876-இல் ரயில் வந்தது. கொழும்புக்குப் போகும் பயணிகளும், பருத்தி மூட்டைகளும், தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற ஏழைகளும் இவ்வூர் வழியாகவே கடல் கடந்தார்கள். நூற்பாலை வந்தது. 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரில் 28,000 பேர் இருந்தார்கள். பணம் படைத்தவர்கள் வண்டித் தண்ணீரை விலை கொடுத்து வாங்கலாம். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரின் மனைவி என்ன செய்வாள்? கடம்பூரிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து ஊருக்கு விநியோகிக்கப்பட்ட காலம் அது என்று தூத்துக்குடிப் பெரியவர்கள் சொல்வார்கள். ரயில் வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு காத்திருந்த ஊர் என்றால், அந்தத் தாகத்தின் அளவை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் நோய் குடியேறும் என்பதும் நாம் அறிந்ததே. அந்நாளில் காலரா என்ற சொல்லைக் கேட்டாலே துறைமுக ஊர்கள் நடுங்கும். கெட்ட தண்ணீர் வழியாகப் பரவும் நோய் அது. எனவே, தண்ணீரைப் பற்றிய கேள்வி அங்கே வசதியைப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை. எத்தனை குழந்தைகள் பிழைக்கும் என்ற கேள்வியாகவே இருந்தது.

கடற்கரையில் பிறந்த பிள்ளை

இந்த ஊரில் 1869-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் குரூஸ் பர்னாந்து பிறந்தார். அண்ணல் காந்தியடிகள் பிறந்து ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. இவர் பிறந்த இரண்டாம் நாள், நவம்பர் 17 அன்று, சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடல்வழி பாதியாகச் சுருங்கத் தொடங்கியது. துறைமுக ஊர்களின் தலையெழுத்தையே மாற்றிய நிகழ்ச்சி அது. வளர்ச்சியின் வாசலில் பிறந்த பிள்ளை என்று அவரைச் சொல்லலாம்.

அவரது பெயரைக் கவனியுங்கள். குரூஸ் என்பது போர்த்துக்கீசிய மொழியில் சிலுவையைக் குறிக்கும். பர்னாந்து என்பது முத்துக்குளித்துறை மக்கள் திருமுழுக்கோடு பெற்றுக்கொண்ட குடும்பப் பெயர்களுள் ஒன்று. ராவ் பகதூர் என்பது ஆங்கிலேய அரசு பின்னாளில் அவருக்கு அளித்த பட்டம். ஒரே பெயரில் 400 ஆண்டுகளின் வரலாறு அடங்கியிருக்கிறது. கடலோடிகளின் சமூகம், சிலுவையின் நம்பிக்கை, அந்நியர் ஆட்சியின் காலம் ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன.

அவர் பொதுவாழ்வுக்கு வந்த நேரம் தூத்துக்குடியின் வரலாற்றில் காயம்பட்ட நேரம். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கோரல் நூற்பாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அதே ஆண்டு மார்ச்சு மாதம் கைதானார். கப்பல் கனவு சிதைந்தது. ஊரில் அச்சமும் கசப்பும் நிறைந்திருந்தன. அடுத்த ஆண்டு, 1909 டிசம்பரில், குரூஸ் பர்னாந்து முதன்முறையாக நகராட்சித் தலைவர் பொறுப்பை ஏற்றார்.

இவ்விருவரையும் ஒப்பிட்டு ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது முறையன்று. வ.உ.சி. ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தார். குரூஸ் பர்னாந்து அதே ஆட்சியின் சட்டங்களுக்குள் நின்று, அதன் கோப்புகளோடும் அதிகாரிகளோடும் போராடி, மக்களுக்கு வேண்டியதைப் பெற முயன்றார். அரசு தந்த பட்டத்தையும் ஏற்றுக்கொண்டார். அந்தப் பட்டத்தை இன்று சிலர் குறையாகக் காணலாம். ஆனால் அந்நிய ஆட்சி எப்போது முடியும் என்று எவருக்கும் தெரியாத நாளில், தாகத்தோடு இருந்த மக்களுக்குத் தண்ணீர் அன்றைக்கே வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது. ஒருவர் கடலில் கப்பல் விட்டு ஊரின் தன்மானத்தைக் காத்தார். இன்னொருவர் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊரின் உயிரைக் காத்தார். தூத்துக்குடி இருவரையும் நன்றியோடு நினைக்கிறது.

ஐந்து முறை தலைவர்

நகராட்சித் தலைவர் பதவி அந்நாளில் எப்படிப்பட்டது என்பதை இன்றைய இளையோர் அறிந்துகொள்வது நல்லது. ரிப்பன் பிரபு 1882-இல் கொண்டுவந்த தீர்மானத்தால் உள்ளாட்சி அமைப்புகளில் இந்தியர்களுக்கு ஓரளவு இடம் கிடைத்தது. 1884-இல் சென்னை மாகாணத்தில் நகராட்சிச் சட்டம் வந்தது. ஆயினும் எல்லாருக்கும் வாக்குரிமை இல்லை. குறிப்பிட்ட அளவு வரி செலுத்துவோர், சொத்து உடையோர் மட்டுமே வாக்களிக்க முடியும். நகராட்சியின் கையில் இருந்த பணமும் கொஞ்சம். வீட்டு வரி, தொழில் வரி, சந்தைக் கட்டணம், வண்டி வரி என்று சில்லறையாய்ச் சேரும். பெரிய திட்டம் எதுவானாலும் மாகாண அரசின் மானியமும் கடனும் வேண்டும். அதற்கு முன் பொறியாளர்களின் ஒப்புதல் வேண்டும். ஒரு கடிதத்துக்குப் பதில் வர மாதங்கள் ஆகும்.

இப்படிப்பட்ட பதவியைக் குரூஸ் பர்னாந்து ஒரு முறை ஏற்று விட்டுவிடவில்லை. ஐந்து முறை தலைவராகப் பொறுப்பேற்றார். இடையில் உலகப் போர் வந்து போனது. 1920-இல் புதிய நகராட்சிச் சட்டம் வந்தது. ஆட்சி முறைகள் மாறின. அவரோ ஒரே எண்ணத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டார். தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடியின் தெருக்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அது.

இதே தலைமுறைகளில் உலகின் பல துறைமுக நகரங்களிலும் இப்படிப்பட்ட நகரத் தந்தையர் தோன்றினார்கள். ஏட்ரியாட்டிக் கடற்கரையில், இன்று குரோவேசியா நாட்டில் இருக்கும் ரியேக்கா நகரில், ஜொவான்னி சியோத்தா என்பவர் 1872 முதல் 1896 வரை மேயராக இருந்தார். அவர் காலத்தில்தான் அந்நகருக்குக் குடிநீர் அமைப்பும் புதிய தெருக்களும் பெரிய நாடக அரங்கமும் வந்தன. அந்த நகருக்குப் பின்னால் ஒரு பேரரசின் செல்வம் நின்றது. தூத்துக்குடிக்குப் பின்னால் அப்படி எதுவும் நிற்கவில்லை. பேரரசு இங்கே எடுத்துக்கொள்ளத்தான் வந்திருந்தது. அதனிடமிருந்து ஒரு குழாய்த் திட்டத்தைப் பெறுவது பாறையிலிருந்து தண்ணீர் பெறுவதைப் போன்றது என்றால் அது மிகையாகாது.

வல்லநாட்டுத் தண்ணீர்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இரண்டு பருவமழைகளாலும் ஊட்டம் பெறுவதால், தமிழகத்தின் மற்ற ஆறுகள் மணலாகக் கிடக்கும் மாதங்களிலும் இதில் தண்ணீர் இருக்கும். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையில், தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், ஆற்றங்கரையில் வல்லநாடு இருக்கிறது. அங்கிருந்து தண்ணீரை எடுத்துக் குழாய் வழியாக நகருக்குக் கொண்டுவருவதே திட்டம்.

சொல்வதற்கு எளிது. ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். 30 கி.மீ.க்குக் குழாய் பதிக்க வேண்டும். வழியில் மேடு உண்டு, பள்ளம் உண்டு, பிறருடைய நிலம் உண்டு. நகருக்கு வந்த தண்ணீரைத் தேக்கிவைத்துத் தெருத் தெருவாகப் பிரித்துவிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு, கடனைத் திருப்பிக் கட்ட வரி வசூலிக்க வேண்டும். வரி என்றதும் முகம் சுளிக்காத ஊர் எந்த ஊர்? தண்ணீர் இன்னும் வராதபோதே செலவைப் பற்றிய பேச்சு எழும். பலன் பிறகுதான் தெரியும். பொதுப்பணியில் இருப்பவர்கள் சுமக்கும் சிலுவை இது.

1927-ஆம் ஆண்டு வல்லநாட்டுத் தண்ணீர் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. அவர் முதன்முறை தலைவரான நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 18 ஆண்டுகள். அவருக்கு அப்போது வயது 58-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 40 வயதில் சுமக்கத் தொடங்கிய கவலையை முதுமையின் வாசலில் இறக்கி வைத்தார். பாலைநிலத்தில் 40 ஆண்டு நடந்த மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தொலைவிலிருந்து பார்க்க மட்டுமே முடிந்தது. இவருக்கோ இறைவன் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்கும் பேற்றையும் அளித்தார். அதன்பின் மூன்று ஆண்டுகளுக்குள், 1930 மார்ச்சு 26-ஆம் நாள், அவர் இறைவனடி சேர்ந்தார்.

அந்நாள்களில் தூத்துக்குடித் திருச்சபையிலும் ஒரு புதிய காலம் பிறந்திருந்தது. 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாக்கப்பட்டு, இலத்தீன் வழிபாட்டு முறையின் நவீன கால முதல் இந்திய ஆயராக மேதகு திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அங்கே பொறுப்பேற்றார். ஆன்மிகத் தலைமையை நம்மவரால் ஏற்க முடியுமா என்று ஐயுற்ற காலத்தில் ஆயர் ரோச் அதற்கு விடையானார். ஒரு நகரை நிர்வகிக்க நம்மவரால் முடியுமா என்று ஐயுற்ற காலத்தில் குரூஸ் பர்னாந்து அதற்கு விடையானார்.

யாருக்காகக் கொண்டுவந்தார்?

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரால் அதிகம் பயன்பெற்றவர்கள் யார்? வசதியுள்ளவர்களுக்கு அதற்கு முன்பும் ஏதோ ஒரு வழியில் தண்ணீர் கிடைத்தது. குடம் சுமந்தவர்கள் ஏழைப் பெண்கள், சுமைதூக்குவோர் வீட்டுப் பிள்ளைகள், உப்பளத்தில் உழைத்தவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இல்லை. தனக்கு வாக்களிக்க முடியாதவர்களின் தாகத்துக்காக ஒருவர் இத்தனை ஆண்டுகள் அலைந்திருக்கிறார்! திரும்பக் கைம்மாறு செய்ய இயலாதவர்களை விருந்துக்கு அழையுங்கள் என்று ஆண்டவர் கற்பித்ததற்கு (லூக்கா 14) ஒரு நகராட்சி அலுவலகத்தில் கிடைத்த விளக்கம் இது எனலாம்.

இன்னொன்றும் உண்டு. தூத்துக்குடி கத்தோலிக்கர் மட்டும் வாழும் ஊர் அன்று. இந்துக்களும், இசுலாமியரும், மற்றச் சபைக் கிறிஸ்தவர்களும், பல சாதியினரும் கலந்து வாழும் துறைமுக ஊர். தன் சமூகத்தாரின் தெருவுக்கு மட்டும் ஒரு நல்ல கிணறு வெட்டிக் கொடுத்திருந்தால் அவரது சமூகம் அவரைக் கொண்டாடியிருக்கும். செலவும் குறைவு, பாராட்டும் உடனே. அவரோ முழு ஊருக்குமான குழாயைத் தேர்ந்துகொண்டார். கிணற்றுக்குச் சாதி இருந்த காலம் அது. ஒவ்வொரு கிணற்றுக்கும் இன்னாருடையது என்று ஒரு பெயர் இருக்கும், அதன் கயிற்றை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்கும். நகராட்சிக் குழாயோ ஊருக்குப் பொது. மனிதர்கள் குழாயடியிலும் சாதியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது நம் நாட்டின் சோகம். ஆனால் ஒரே ஆற்றின் ஒரே தண்ணீர் ஒரே குழாயில் எல்லார் வீட்டுக்கும் வருகிறது என்ற உண்மையை எந்தச் சாதியாலும் மாற்ற முடியாது.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. தண்ணீரைக் கொண்டுவருவது ஒரு போராட்டம். அதை எல்லாருக்கும் பொதுவாகக் காப்பது அதனினும் பெரிய போராட்டம்.

அரசியலும் அன்புப் பணியே

நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. கோவிலுக்கு உழைப்பது பக்தி, ஊருக்கு உழைப்பது அரசியல், அரசியல் ஒரு சாக்கடை, நமக்கேன் வம்பு என்ற எண்ணம். திருச்சபையின் போதனை இதுவன்று. 1927 டிசம்பரில் திருத்தந்தை பதினோராம் பயஸ் இத்தாலியக் கத்தோலிக்க மாணவர்களிடம் பேசியபோது, அரசியலை அன்பின் மிகப் பரந்த களம் என்ற பொருளில் விளக்கினார். வல்லநாட்டுத் தண்ணீர் தூத்துக்குடிக்கு வந்த அதே ஆண்டு! ஒன்றை மற்றொன்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ரோமையில் திருத்தந்தை கற்பித்ததை ஒரு தமிழ்க் கத்தோலிக்கர் குழாய் பதித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், பொதுநலனுக்காக ஆட்சிப் பொறுப்பின் சுமையை ஏற்பவர்களின் பணி பாராட்டுக்குரியது என்று கற்பித்தது (எண் 75). திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில், தூய்மையான குடிநீர் மனிதர் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்றும், ஏழைகளுக்கு அதை மறுப்பது அவர்களது வாழ்வுரிமையை மறுப்பது என்றும் எடுத்துரைத்தார் (எண் 30). குரூஸ் பர்னாந்து பீடத்தில் வைத்து வணங்கப்படும் புனிதர் அல்லர். ஆயினும் பொதுநிலையினரின் அழைத்தலைப் பற்றித் திருச்சபை பின்னாளில் எழுதியதை முன்னரே வாழ்ந்தவர்களுள் ஒருவர்.

எசேக்கியாவின் தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது?

எசேக்கியா அரசரிடம் மீண்டும் வருவோம். கி.மு. 700-ஐ ஒட்டி அவர் மதிலுக்கு வெளியே இருந்த கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் திருப்பினார். பாறையைக் குடைந்து வெட்டப்பட்ட அந்தச் சுரங்கக் கால்வாய் 500 மீட்டருக்கும் மேல் நீளமானது. இரு முனைகளிலிருந்தும் இரு குழுவினர் குடைந்து நடுவில் சந்தித்தார்கள் என்பதைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் கண்டெடுக்கப்பட்டது. அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் எவருக்கும் தெரியாது. கால்வாய் போய்ச் சேர்ந்த இடம் சிலோவாம்.

700 ஆண்டுகள் கழித்து, பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரின் கண்களில் நம் ஆண்டவர் சேறு பூசினார். நீர் போய்ச் சிலோவாம் குளத்தில் கழுவும் என்று அனுப்பினார் (யோவான் 9). அவர் கழுவினார், பார்வை பெற்றார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? எசேக்கியாவின் கால்வாய் வழியாகத்தானே! முற்றுகைக்கு அஞ்சிய ஓர் அரசர் தன் மக்கள் தாகத்தால் சாகாதிருக்கச் செய்த ஏற்பாடு, அவர் கனவிலும் காணாத அருங்குறிக்குப் பயன்பட்டது. பொதுநலனுக்காக நேர்மையோடு செய்யப்படும் எந்த வேலையையும் இறைவன் வீணாக்குவதில்லை. அதை அவர் எடுத்துத் தன் அருளின் வாய்க்காலாக ஆக்கிக்கொள்கிறார்.

தூத்துக்குடியில் 1927-க்குப் பிறகு திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளை எண்ணிப்பாருங்கள். அவர்களது நெற்றியில் ஊற்றப்பட்ட தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும்? திருப்பலியில் இரசத்தோடு கலக்கப்பட்ட துளி எங்கிருந்து வந்திருக்கும்? நகராட்சித் தலைவர் ஒருவர் கோப்புகளோடு அலைந்து பெற்றுத்தந்த தண்ணீர் திருவருட்சாதனத்தின் தண்ணீராகவும் ஆனது.

அந்த நகரம் பின்னர் பன்மடங்கு வளர்ந்தது. 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், பனிமய அன்னையின் பெருவிழா அன்றே, தூத்துக்குடி மாநகராட்சியாக உயர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 2 லட்சத்து 37 ஆயிரம். இன்று புதிய குழாய்கள் வந்திருக்கின்றன. நான்காம் குழாய்த் திட்டம் என்று மக்கள் குறிப்பிடுகிறார்கள். அதுவும் வல்லநாட்டிலிருந்தே வருகிறது. வழியை முதலில் காட்டியவரின் சிலைக்கு நவம்பர் 15 தோறும் மாலை விழுகிறது. 2023-இல் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. ஆனால் மணிமண்டபத்தைவிடப் பெரிய நினைவுச் சின்னம், காலையில் குழாயைத் திறந்ததும் விழும் தண்ணீர்தான்.

நம் கடற்கரைக்கு இதில் என்ன செய்தி?

கோவளம் முதல் கல்பாக்கம் வரை, அதற்கும் தெற்கே மரக்காணம் சாலையை ஒட்டி, கடலைப் பார்த்துக்கொண்டே தாகத்தோடு வாழும் குப்பங்கள் நம்மிடையே உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது கரையோரக் கிணறுகளில் உப்புநீர் புகுந்ததை நம் மக்கள் மறக்கவில்லை. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீர் குடிநீராக்கப்பட்டு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சென்னையின் தென்பகுதிக்குப் போகிறது. 2024-இல் இன்னும் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. பாலாறும் கொளவாய் ஏரியும் மதுராந்தகம் ஏரியும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. இருந்தும் கோடை வந்தால் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. விலைக்கு வாங்கும் கேன் தண்ணீர் வீட்டுச் செலவில் ஒரு நிரந்தர வரியாகிவிட்டது.

ஆலய வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு, நமக்குத் தண்ணீர் இருக்கிறது என்று அமைதியடைவது எளிது. பங்கு மக்கள் கூடித் திருவிழாவுக்கு ஒரு மாதத்தில் பெரும் தொகை திரட்டிவிடுகிறோம். அதே மக்கள் கிராம சபைக் கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறோம்? ஏரியின் வரத்துக் கால்வாய் அடைபட்டுக் கிடந்தால், அது யாருடைய வேலை என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உள்ளாட்சித் தேர்தலில் நம் பங்கைச் சேர்ந்த நேர்மையான ஒருவர் நிற்க முன்வந்தால், அவரை ஊக்கப்படுத்துகிறோமா, அல்லது கோவில் பிள்ளைக்கு இது எதற்கு என்று பின்னுக்கு இழுக்கிறோமா? வென்று வந்தபின், நம் தெருவுக்கு மட்டும் குழாய் போடு என்று நெருக்குகிறோமா, அல்லது கடைசித் தெருவிலிருந்து தொடங்கு என்று சொல்லும் துணிவு நமக்கு உண்டா?

பங்குப்பேரவைகளும் அன்பியங்களும் இக்கேள்விகளைத் தங்கள் கூட்டங்களில் எடுத்துப் பேசலாம். ஓர் அன்பியம் தன் பகுதியின் தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவப்பட்டது என்று விசாரித்து அறியலாம். ஒரு இளைஞர் குழு அருகிலுள்ள குளத்தின் கரையைப் பிற சமயத்து நண்பர்களோடு சேர்ந்து காக்கலாம். இவை சிறியவைதாம். தூத்துக்குடியின் குழாய்த் திட்டமும் ஒரு நாளில் முடிந்துவிடவில்லை. மனம் தளராத ஒருவரின் பல்லாண்டு உழைப்பு அதற்கு வேண்டியிருந்தது.

சின்னஞ்சிறியோருள் ஒருவருக்கு ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் கொடுப்பவரும் கைம்மாறு பெறாமல் போகார் என்று நம் ஆண்டவர் வாக்களித்திருக்கிறார் (மத்தேயு 10). ஒரு கிண்ணத்துக்கே கைம்மாறு உண்டென்றால், ஊர் முழுவதும் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவருக்கு எத்தகைய கைம்மாறு காத்திருக்கும்! குரூஸ் பர்னாந்துவைப் போன்ற பொதுநிலையினரை நம் பங்குகளிலிருந்தும் இறைவன் எழுப்பித் தர வேண்டுமென மன்றாடுவோம். அவர்கள் எழும்போது அவர்களோடு நிற்கும் மனத்தையும் நமக்குத் தருமாறு கேட்போம்.

வாழ்வு தரும் ஊற்றாகிய ஆண்டவர் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!